தட்டுகளையும் தேநீர்க் கோப்பைகளையும் கொண்டு அடுக்குத் தாங்கி செய்வது: ஒட்டுவதா, துளையிடுவதா?

லெஸ்டர்வாசி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் நாத்தனார் மகளுக்கு இங்கே இங்கிலாந்தின் லெஸ்டரில் வளைகாப்பு நடத்துகிறோம். அவளுடன் வேலை பார்க்கும் ஆங்கிலேயத் தோழிகளும் வருகிறார்கள் என்பதால், சடங்கு முடிந்தபின் பரிமாறும் சிற்றுண்டியை இந்த நாட்டு மாலைத் தேநீர் முறையில், மூன்றடுக்குத் தாங்கிகளில் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 1840 வாக்கில் பெட்ஃபோர்டு கோமகள் ஆன்னா மரியா பகல் உணவுக்கும் இரவு உணவுக்கும் நடுவில் தேநீரும் சிறு தின்பண்டமும் கேட்டு வாங்கி உண்ணத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த வழக்கம் என்று இதைச் சொல்வார்கள். கீழ்த்தட்டில் சாண்ட்விச், நடுத்தட்டில் ஸ்கோன் என்ற சிறு பன் போன்ற பண்டம், மேல்தட்டில் இனிப்பு என்பது இன்று விடுதிகளில் காணும் வரிசை.

தாங்கிகளை விலைக்கு வாங்க எனக்கு விருப்பமில்லை. நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் இங்குள்ள சாரிட்டி கடைகளில், செட்டு உடைந்து தனித்துப்போன தட்டுகளும் சாசர் இல்லாத கோப்பைகளும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு தாங்கிக்காக ஏறத்தாழ 27 செ.மீ., 20 செ.மீ., 16 செ.மீ. விட்டமுள்ள மூன்று தட்டுகளையும், இடையில் தூணாக நிறுத்த இரண்டு தேநீர்க் கோப்பைகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ரோஜாப்பூ வேலைப்பாடு உண்டு. விளிம்பில் பொன் கோடு ஓடுகிறது.

பசையிட்டு ஒட்டினால் போதுமா, அல்லது நடுவில் துளையிட்டுக் கம்பி கோக்க வேண்டுமா? கோப்பையை நிமிர்த்தி வைப்பதா, கவிழ்த்து வைப்பதா? பழைய பீங்கானில் ஈயம் இருக்கும் என்கிறார்களே, அதில் கர்ப்பிணிப் பெண் உண்ணும் பலகாரத்தை வைக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

களிமண்ணும் சூளையும்

சகோதரி, பல ஆண்டுகள் பீங்கான் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்தப் பசை என்ற கேள்விதான் எல்லோருக்கும் முதலில் எழுகிறது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அமர்வு. பசை எதுவும் இல்லாமல் அடுக்கி வைத்தபோதே ஆடாமல் நிற்கும் தாங்கிக்குச் சாதாரணப் பசையும் போதும். அடுக்கும்போதே ஆடுகிறதென்றால், உலகில் உள்ள எந்தப் பசையும் அதை நெடுநாள் காப்பாற்றாது. ஆட்டம் இருக்கும் இடத்தில் பசை ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இறுகும். மெலிந்த பக்கத்திலிருந்து பிளவு தொடங்கும்.

சமதளமான கண்ணாடிப் பலகை ஒன்றை மேசைமேல் வையுங்கள். முகம்பார்க்கும் கண்ணாடியானாலும் சரி. அதன்மேல் ஒவ்வொரு தட்டையும் நிமிர்த்தி வைத்து, எதிரெதிர் விளிம்புகளை இரண்டு விரல்களால் மாறிமாறி அழுத்திப் பாருங்கள். 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் அந்தத் தட்டின் அடிவளையம், அதாவது அடியில் மேசையைத் தொடும் வளைய விளிம்பு, சூளையில் வளைந்திருக்கிறது என்று பொருள். அதை மேல்தட்டாக வைத்துக்கொள்ளலாம், அடித்தட்டாக வைக்கக் கூடாது. கோப்பையையும் இதேபோல் கவிழ்த்தும் நிமிர்த்தியும் சோதியுங்கள். கோப்பையின் வாய் முழு வட்டமாக இருப்பது அரிது, ஏனெனில் கைப்பிடி ஒட்டிய பக்கம் சூளையில் சற்றே இழுபட்டு வாய் நீள்வட்டமாகிவிடும். அது குறையன்று. வாய் முழுவதும் கண்ணாடியைத் தொடுகிறதா என்பது மட்டுமே நமக்கு முக்கியம்.

அடுத்து, கோப்பையை எப்படி நிறுத்துவது என்ற கேள்வி. நான் கவிழ்த்து வைக்கவே சொல்வேன். தேநீர்க் கோப்பையின் வாய் ஏறத்தாழ 8 அல்லது 9 செ.மீ. அகலமும், அடிவளையம் 4 அல்லது 5 செ.மீ. அகலமும் கொண்டிருக்கும். மேலே உள்ள தட்டின்மீது யாராவது கையை இடித்தால், அந்த இடியின் நெம்புவிசை மேல் இணைப்பைவிடக் கீழ் இணைப்பையே அதிகமாகத் தாக்குகிறது. ஆகையால் அகலமான வாய் கீழே இருக்க வேண்டும். குறுகிய அடிவளையம் மேல்தட்டின் அடிப்புறத்தில், அந்தத் தட்டின் அடிவளையத்துக்கு உட்பட்ட வட்டத்துக்குள் அடங்கிவிடும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இணைப்பே தெரியாது.

எடை ஒரு பக்கம் கூடினால் கவிழ்ந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. 27 செ.மீ. தட்டின் அடிவளையம் ஏறத்தாழ 16 செ.மீ. இருக்கும், அதாவது நடுவிலிருந்து 8 செ.மீ. தள்ளியுள்ள கோட்டைச் சுற்றியே தாங்கி கவிழ முடியும். நடுத்தட்டின் விளிம்பு நடுவிலிருந்து 10 செ.மீ. தொலைவில் இருப்பதால் அந்தக் கோட்டுக்கு வெளியே 2 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓரத்தில் 300 கிராம் பலகாரத்தைக் குவித்தாலும், ஒன்றரைக் கிலோவை நெருங்கும் தாங்கியின் சொந்த எடை அதை எளிதில் அடக்கிவிடும். ஆபத்து பலகாரத்தால் வருவதில்லை. குறுக்கே நீளும் கையாலும், மேல்தட்டைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தாலுமே வருகிறது. தாங்கியை எப்போதும் அடித்தட்டின்கீழ் இரு கைகளையும் கொடுத்தே தூக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மரைக்கம்பி

ஐயா சொன்ன அமர்வு பற்றிய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் துளையிட்டுக் கம்பி கோப்பதே நான் பரிந்துரைக்கும் வழி, ஏனெனில் விழா முடிந்ததும் கழற்றித் தட்டுகளைத் தனித்தனியாகக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிறு இடத்தில் வைத்துவிடலாம். கோயம்புத்தூரில் சிறு இயந்திரப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மனைவிக்காக இந்த வேலையை நானே செய்து கொடுப்பது வழக்கம்.

துளையிடும் முறை இதுதான். தட்டைத் தாள்மேல் கவிழ்த்து விளிம்பை வரைந்து, வட்டத்தை வெட்டி எடுத்து, இரண்டு முறை மடித்தால் மடிப்புகள் சந்திக்கும் இடமே நடு. அந்தத் தாளைத் தட்டின்மேல் வைத்து நடுவைக் குறித்து, அதன்மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். டேப் இல்லாவிட்டால் டிரில் பிட் வழுக்கிக்கொண்டு ஓடி மெருகைக் கீறிவிடும். சுவரில் துளையிடும் சாதாரண பிட் வேண்டாம். குழாய் வடிவில் முனையில் வைரத்துகள் பதித்த பிட் வேண்டும். கம்பியின் தடிமனைவிட ஒரு மில்லிமீட்டர் அகலமான அளவு போதும். தட்டின் அடியில் மரப்பலகை வைத்து, உணவு வைக்கும் முகப்பிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் பிட் வெளியேறும் பக்கத்தில்தான் சில்லு பெயரும். அது அடிப்புறமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

டிரில்லின் சுத்தியல் இயக்கம் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, முதலில் பிட்டைச் சற்றே சாய்த்துப் பிடித்து, பிறை வடிவில் ஒரு பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். துளையைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருக்க வேண்டும். பிட் சூடேறாமல் இருக்கவும், மூச்சுக்குக் கேடான சிலிக்காத் தூசி பறக்காமல் இருக்கவும் அதுவே வழி. தண்ணீர் பால்போல் வெளுத்துக்கொண்டே வந்தால் வேலை சரியாக நடக்கிறது. தண்ணீர் இருப்பதால் மின்கம்பி இணைக்கும் டிரில் வேண்டாம், பேட்டரியில் ஓடுவதையே பயன்படுத்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். துளை முடியும் தறுவாயில் அழுத்தத்தை ஏறக்குறைய முழுவதும் விட்டுவிட்டு, பிட்டின் சொந்த எடையே வேலையை முடிக்கும்படி விடுவது நல்லது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. லா ஓபலா, கோரெல் போன்றவை பார்ப்பதற்குப் பீங்கான்போல் இருந்தாலும் உண்மையில் கண்ணாடி. உறுதியூட்டப்பட்ட கண்ணாடியில் துளையிட்டால், உள்ளே அடக்கி வைக்கப்பட்டிருக்கும் இறுக்கம் விடுபட்டுத் தட்டு முழுவதும் நொறுங்கித் தெறிக்கும். அந்தத் தட்டுகளுக்குப் பசை மட்டுமே.

கம்பியைக் கோக்கும்போது தட்டின் மேலும் கீழும் ரப்பர் அல்லது ஃபெல்ட் வாஷர் இட்டு, நட்டைக் கையால் முறுக்கும் அளவோடு நிறுத்துங்கள். ஸ்பேனரை எடுத்தால் தட்டு போய்விடும்.

செட்டிநாட்டுப் பேத்தி

மரைக்கம்பி அண்ணா சொல்லும் முறையில் பிழையில்லை. ஆனால் துளையிட்ட தட்டு மறுபடியும் தட்டாகாது. லெஸ்டர் அக்கா, துளையிடுவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் புரட்டி அதன் அடி முத்திரையைப் படியுங்கள் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஆயா வீட்டு இரண்டாம் கட்டில் மர அலமாரி நிறைய வெளிநாட்டுப் பீங்கான் இருந்தது. சொத்துப் பிரிவினையின்போது எல்லாம் பலருக்குப் போய், இன்று அதே போன்ற தட்டுகளைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரங்களுக்கு நடுவே காண்கிறேன். அந்தக் கடைகளில் நின்று நின்றே முத்திரை படிக்கக் கற்றேன். 1890இல் அமெரிக்கா இயற்றி 1891இல் நடைமுறைக்கு வந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் நாட்டின் பெயரே இல்லாத முத்திரை பெரும்பாலும் அதற்கு முந்தையது. 'இங்கிலாந்து' என்று மட்டும் இருந்தால் அதற்குப் பிந்தையது. 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் அநேகமாக இருபதாம் நூற்றாண்டு. ஜப்பானியப் பீங்கானில் 1921 வரை 'நிப்பான்' என்றும் அதன்பின் 'ஜப்பான்' என்றும் எழுதினார்கள். உலகப் போருக்குப் பிறகு 1952 வரையிலான சில ஆண்டுகளில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற முத்திரையும் உண்டு. அப்படி ஒன்று உங்கள் கையில் இருந்தால் தயவுசெய்து அதில் டிரில்லை வைக்காதீர்கள்.

இன்னொன்று. 'போன் சைனா' என்ற முத்திரை உள்ளவற்றில் ஏறத்தாழ பாதி மாட்டெலும்புச் சாம்பல். ஸ்டோக் நகரில் 1790களில் ஸ்போடு குடும்பத்தார் செம்மைப்படுத்திய கலவை அது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியதாகவும், அதே வேளையில் உறுதியாகவும் இருப்பதற்கு அந்தச் சாம்பலே காரணம். சடங்கில் படைக்கும் பலகாரத்தை அதில் வைப்பதை ஒப்பாத பெரியவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களை முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய தட்டுகளை நான் ஒட்டுவதும் இல்லை, துளையிடுவதும் இல்லை. அருங்காட்சியகங்களில் சிலைகள் நகராமல் இருக்க இடுகிறார்களே, அந்த மெழுகுக் களிம்பைப் பட்டாணி அளவு உருட்டிக் கோப்பையின் வாயில் நான்கைந்து இடங்களில் வைத்து, அழுத்தி, சற்றே திருப்பி அமர்த்திவிடுவேன். விருந்து முடிந்ததும் மீண்டும் திருப்பினால் விட்டுவிடும். மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்கலாம். தாங்கியை வைத்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும், தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்பதே இதன் ஒரே நிபந்தனை.

இனிப்பகம்

தோழி, தாங்கியின் உறுதியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதில் எதை வைப்பீர்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. சென்னையில் வீட்டிலிருந்தபடியே விழாக்களுக்கு இனிப்பு செய்து கொடுக்கிறேன். கோப்பைத் தூண் வைத்த தாங்கிகளில் வாடிக்கையாளர்கள் காணும் முதல் சிக்கல் உயரம்தான்.

தேநீர்க் கோப்பை ஏறத்தாழ 6 செ.மீ. உயரம். ஸ்கோன் 4 அல்லது 5 செ.மீ. இருக்கும், உள்ளே போகும், ஆனால் அதை எடுக்க விரல் நுழைய வேண்டும். கிரீம் சுழித்த கப்கேக் நிச்சயமாக இடிக்கும். தட்டின் விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதால் ஓரத்தில் ஒரு விரற்கடை கூடுதலாகக் கிடைக்கும். இருந்தாலும் அடித்தட்டுக்கும் நடுத்தட்டுக்கும் இடையில் உயரமான காப்பி மக் ஒன்றையும், நடுத்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் இடையில் தேநீர்க் கோப்பையையும் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். மக்கின் வாயும் அடியும் ஏறக்குறைய ஒரே அகலமாக இருப்பதால், களிமண்ணும் சூளையும் ஐயா சொன்ன உறுதிக்கும் அது ஏற்றது.

பலகாரங்களில், உயரம் குறைந்தவற்றை அடியில் வையுங்கள். அதிரசம், தட்டை, சிறு போளி ஆகியவை அடித்தட்டில் சாய்த்து அடுக்க அழகாக இருக்கும். மைசூர்பாகு வில்லைகளை நடுத்தட்டில் வைக்கலாம். லட்டைச் சிறிய அளவில் பிடித்து மேல்தட்டுக்கு அனுப்புங்கள். அங்கே உயரத்துக்குத் தடையில்லை. நெய் கசியும் பலகாரத்தின் கீழ் கட்டாயம் பட்டர் பேப்பரோ வாழையிலைத் துண்டோ இடுங்கள். நெய் தூணின் அடியில் போய்ச் சேர்ந்தால் பசை இணைப்பின் ஓரத்தில் படிந்து கறுக்கும். எத்தனை துடைத்தாலும் போகாது. ஜாங்கிரி, குலாப் ஜாமூன் போன்ற பாகு சொட்டும் இனிப்புகளுக்கு இந்தத் தாங்கி உகந்ததன்று. அவற்றைக் கிண்ணத்தில் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

லெஸ்டர்வாசி

இத்தனை அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் நன்றி. முத்திரைகளைப் பார்த்தேன். மூன்று தட்டுகளும் 'மேட் இன் இங்கிலாந்து' வகையைச் சேர்ந்தவை. கடைகளில் ஏராளமாகக் கிடைப்பவைதான். ஆகவே ஒட்டுவதில் மனத்தடை இல்லை. வீட்டில் டிரில் பிடிக்கத் துணிந்தவர்கள் இல்லாததால் துளையிடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். காப்பி மக் யோசனை மிக நன்று.

ஐயா, இரண்டு ஐயங்கள் மிஞ்சியிருக்கின்றன. மக்கின் வாயிலும் பொன் கோடு இருக்கிறது. அதன்மேலேயே பசை இடலாமா? கைவினைப் பொருள் கடையில் ஹாட் குளூ போதும் என்கிறார்கள்; வேறு சிலர் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

களிமண்ணும் சூளையும்

இரண்டையும் விட்டுவிடுங்கள். ஹாட் குளூ பீங்கானின் வழுவழுப்பில் பிடிப்பதில்லை. அது ஆறும்போது சுருங்குவதால் சில நாளில் முழுத் தகடாகக் கழன்று வரும். உடனடிப் பசை இரண்டு பரப்புகளும் இடைவெளியின்றிப் பொருந்தினால் மட்டுமே பிடிக்கும், பிடித்தாலும் முறியும் தன்மை கொண்டது. ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். உடைந்த கைப்பிடியை ஒட்டுவதற்கு அது உதவலாம், பாரம் தாங்கும் தூணுக்கு உதவாது.

இரண்டு குழாயாக வரும் எபாக்சியே இதற்கு உரியது. இந்தியாவிலும் அங்கும் அரால்டைட் என்ற பெயரில் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை எடுக்காமல், மெல்ல இறுகும் வகையை எடுங்கள். தட்டை நகர்த்தி நடுப்படுத்த அவகாசம் வேண்டும். மெல்ல இறுகுவது உறுதியிலும் மேலானது. பிசினையும் இறுக்கியையும் சரிபாதியாகப் பிதுக்கி, நிறம் ஒன்றாகும்வரை குச்சியால் குழையுங்கள். கோடு கோடாகத் தெரிந்தால் இன்னும் கலக்கவில்லை என்று பொருள். அந்த இடம் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

பொன் கோட்டின்மேல் பசையிடக் கூடாது. பொன் என்பது மெருகின்மேல் மறுபடியும் குறைந்த வெப்பத்தில் சுட்டு ஏற்றிய மிக மெல்லிய படலம். பசை பொன்னைப் பிடித்துக்கொள்ளும், பொன் பீங்கானைவிட்டு உரிந்து வரும். வாயின் உச்சியில் உள்ள பொன்னை 120 எண் நீர் உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். வெளிப்பக்கத்தில் தெரியும் பொன்னைத் தொட வேண்டாம். அடித்தட்டின் நடுவில் மக்கின் வாய் அமரும் வட்டத்தைப் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டளவுக்கு மட்டும் பளபளப்பு மங்கும்வரை தேயுங்கள். பிறகு ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, அதன்பின் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். கோப்பையின் அடிவளையம் மெருகில்லாமல் சொரசொரப்பாக இருக்கும். அது பசைக்கு நல்ல பிடிமானம். ஆனால் மெருகற்ற மண் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கக்கூடும் என்பதால், கழுவிய கோப்பையை இரண்டொரு நாள் நன்றாக உலரவிட்ட பிறகே ஒட்டுங்கள்.

ஒரே மூச்சில் மூன்றடுக்கையும் ஒட்ட வேண்டாம். முதல் நாள் மக்கை அடித்தட்டோடும், கோப்பையை நடுத்தட்டின் முகப்போடும் தனித்தனியாக ஒட்டுங்கள். 24 மணி நேரம் கழித்து ஒன்றை மற்றதன்மேல் ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மேலே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கேக் அலங்கரிக்கும் சுழல் மேடை இருந்தால் தாங்கியை அதன்மேல் வைத்து மெல்லச் சுற்றிப் பாருங்கள். தட்டு நடுவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் சுற்றும்போது விளிம்பு உள்ளும் வெளியும் அசைவது தெரியும். இங்கிலாந்தின் குளிரில் வீட்டின் வெப்பம் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் எபாக்சி மிகவும் தாமதமாக இறுகும். ஹீட்டர் உள்ள அறையில் வைத்திருங்கள்.

பலரும் அறியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கவிழ்த்து ஒட்டிய மக்கின் உள்ளே காற்று அடைபட்டுவிடுகிறது. தாங்கியைச் சூடான நீரில் முக்கினால், 20 பாகையிலிருந்து 50 பாகைக்குப் போகும்போது அந்தக் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். வாயின் பரப்பு 50 சதுர செ.மீ. என்றால், இணைப்பை உள்ளிருந்து பிரிக்க ஏறக்குறைய 5 கிலோ எடைக்கு நிகரான விசை தள்ளுகிறது. நன்றாக ஒட்டிய தாங்கிகள் கழுவும் இயந்திரத்தில் பிரிந்து போவதற்கு இது ஒரு காரணம். ஆகவே முக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

மலைநாட்டுத் தேநீர்

ஈயம் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் இலங்கையின் மாத்தளைப் பக்கத்தவன். நொரிட்டாக்கே பீங்கான் ஆலை அமைந்த ஊர் அது என்பதால், பீங்கான் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்தோம்.

ஈயம் இரண்டு இடங்களில் இருக்கலாம்: மெருகுப் பூச்சிலும், மெருகின்மேல் ஏற்றிய வண்ணத்திலும். கண்ணை மூடிக்கொண்டு பூவேலையின்மேல் விரல்நுனியை ஓட்டிப் பாருங்கள். பூவின் ஓரம் மேடாகத் தட்டுப்பட்டால் அந்த வண்ணம் மெருகின்மேல் இருக்கிறது. உணவு நேரடியாக அதைத் தொடுகிறது. வழுவழுப்பாக ஒரே சீராக இருந்தால் வண்ணம் மெருகின் அடியில் இருக்க வாய்ப்புண்டு. அது ஓரளவு பாதுகாப்பானது. மெருகில் மயிரிழை விரிசல்கள் வலைபோல் ஓடியிருந்தால் அந்தத் தட்டை உணவுக்கே எடுக்காதீர்கள், ஏனெனில் நெய்யும் ஈரமும் உள்ளே இறங்கித் தங்கிவிடும். மண்பானை வாங்கும்போது செய்வதுபோல் தட்டின் விளிம்பைச் சுண்டிப் பாருங்கள். 'கணீர்' என்று ஒலித்தால் நல்லது. ஒலி மந்தமாக இருந்தால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, அது பாரத்தையும் தாங்காது.

ஆய்வகத்தில் ஈயத்தை அளக்கும் முறையே நமக்கு வழிகாட்டும். 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறத்தாழ வினிகரை, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் பாத்திரத்தில் தேக்கி வைத்து, அதில் எவ்வளவு ஈயம் இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தட்டையான தட்டுகளுக்கு ஒரு மில்லிலிட்டரில் 3 மைக்ரோகிராம் என்றும், கோப்பைகளுக்கு 0.5 மைக்ரோகிராம் என்றும் வரம்பு வைத்திருக்கிறது. கோப்பைக்கு வரம்பு கடுமையாக இருப்பதற்குக் காரணம், புளிப்பும் ஈரமும் உள்ளது அதில் நெடுநேரம் தங்குகிறது என்பதே. ஈயத்தை வெளியே இழுப்பவை புளிப்பு, ஈரம், வெப்பம், நேரம் ஆகியவை. உலர்ந்த அதிரசமும் மைசூர்பாகும் இரண்டு மணி நேரம் பட்டர் பேப்பரின்மேல் இருப்பதால் இறங்குவது மிகச் சொற்பம். எலுமிச்சைச் சாறு சேர்த்த லெமன் கர்ட், ஜாம், அன்னாசித் துண்டு ஆகியவற்றை நேரடியாக வைக்காதீர்கள்.

ஆயினும் உண்ணப்போவது கர்ப்பிணி. ஈயத்தைப் பொறுத்தவரை, வயிற்றில் வளரும் பிள்ளைக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு ஏதும் கிடையாது. வீட்டில் தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சிகள் 'இருக்கிறது' என்று காட்டினால் விலக்கிவிடலாம். 'இல்லை' என்று காட்டுவதை வைத்து நிம்மதி அடைய முடியாது. ஆகவே என் கருத்து இது: உணவு தொடும் மூன்று தட்டுகளையும் இப்போது கடையில் விற்கும் புதிய வெள்ளைத் தட்டுகளாக வாங்கிக்கொள்ளுங்கள், பழைய ரோஜாக் கோப்பைகளைத் தூணாக வையுங்கள். தூணை உணவு தொடாது. கண்ணுக்கு அழகு தருவதும் பெரும்பாலும் அந்தத் தூண்தான்.

எபாக்சியும் உணவு தொடும் இடத்துக்கு உரியதன்று. தூணைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பலகாரம் வைக்காமல் விடுங்கள்.

செட்டிநாட்டுப் பேத்தி

மலைநாட்டு அண்ணா சொன்னதை மனமார ஏற்கிறேன். பழைய தட்டுகள் வீணாகாது, அக்கா. அவற்றை வளையல் அடுக்க வையுங்கள். கண்ணாடி வளையல், சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், மஞ்சள் கிழங்கு ஆகியவற்றைத் தாங்கும் மூன்றடுக்காக அதே ரோஜாத் தட்டுகளை நிறுத்தினால், சடங்கு மனையின் பக்கத்தில் அத்தனை பாந்தமாக இருக்கும். அதற்கு மெழுகுக் களிம்பே போதும்.

மரைக்கம்பி

லெஸ்டர் சகோதரி, விழா உங்கள் வீட்டிலா, மண்டபத்திலா? மண்டபமானால் தாங்கியைக் காரில் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஒட்டிய மூன்றடுக்கைக் காரில் நிமிர்த்திக் கொண்டுபோவது ஆபத்து. ஐயா சொன்னபடி இரண்டு பகுதிகளாக ஒட்டிய நிலையிலேயே எடுத்துச் சென்று, மண்டபத்தில் வைத்து நடு இணைப்பை மட்டும் மெழுகுக் களிம்பால் அமர்த்திவிடுங்கள். கீழ்ப்பகுதி எபாக்சியில் உறுதியாக இருக்கும். மேற்பகுதி கழற்றக்கூடியதாக இருக்கும். பெட்டியில் வைப்பதற்கும் அது எளிது.

லெஸ்டர்வாசி

மண்டபத்தில்தான், அண்ணா. ஆகவே இப்படிச் செய்யப் போகிறேன்: புதிய வெள்ளைத் தட்டுகள் மூன்று, கீழே ரோஜா மக், மேலே ரோஜாக் கோப்பை, நடு இணைப்புக்கு மட்டும் மெழுகு. பழைய தட்டுகள் வளையலுக்கு. ஒரே ஒரு கேள்வி மட்டும்: எபாக்சியால் ஒட்டிய மக்கைப் பின்னாளில் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் வழி உண்டா?

களிமண்ணும் சூளையும்

உண்டு, சகோதரி, பொறுமை வேண்டும். வெப்பத்தில் எபாக்சி இளகும். தட்டை வெதுவெதுப்பான நீரில் வைத்து, சிறிது சிறிதாகச் சூடான நீரைச் சேர்த்து, கொதிநிலையை நெருங்கும்வரை ஏற்றுங்கள்; குளிர்ந்த பீங்கானில் கொதிநீரை நேரடியாக ஊற்றினால் விரிசல் விடும். அரை மணி நேரம் அப்படியே இருந்தபின், கனமான கையுறை அணிந்து மக்கைத் திருகினால் பெரும்பாலும் விடும். உள்ளே அடைபட்ட காற்றும் அப்போது நமக்குத் துணையாகத் தள்ளும். வரவில்லையென்றால் நெம்பாதீர்கள், மீண்டும் சூடாக்குங்கள். ஒட்டியிருக்கும் மிச்சப் பசையை, இன்னும் சூடாக இருக்கும்போதே மழுங்கிய பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுத்துவிடலாம். தேய்த்து மங்கலாக்கிய வட்டம் மட்டும் தட்டில் நிலைத்திருக்கும்.